கிட்னி ஸ்கேன் எடுக்கப் போகிறீர்களா? ராமநாதபுரம் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, பாம்பன் தீவையும் சேர்த்து, கடற்கரை ஊர்களில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "கிட்னி ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவார். எங்கே போவது, என்ன கொண்டுபோவது, எவ்வளவு ஆகும் என்று சொல்ல ஆள் இருக்காது. சித்தப்பாவின் கல்லடைப்புக்காகத் தங்கச்சிமடத்திலிருந்து ராமநாதபுரத்துக்கும் மதுரைக்கும் அலைந்தபோது, எங்களைப் போலவே பாதி வேலையோடு திரும்பிய பலரைப் பார்த்தேன். மிஷின் இல்லாததால் யாரும் திரும்பவில்லை. சீட்டில் ஒரு வரி குறைவு, மூத்திரப்பை நிரம்பவில்லை, கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிசல்ட் கையில் இல்லை. இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டர், மதுரை கிட்டத்தட்ட 170. ஒருமுறை திரும்பினால் பஸ் காசோடு ஒரு நாள் பிழைப்பும், கூட வந்தவரின் பிழைப்பும் போகிறது.

முதலில் ஒன்று. விலாவில் வலியோடு குளிர்க்காய்ச்சல் இருந்தால், பல மணி நேரமாக ஒரு சொட்டுச் சிறுநீர்கூட வரவில்லை என்றால், ஏற்கெனவே ஒரு கிட்னி மட்டும் உள்ளவருக்குக் கல் வலி வந்தால், இந்த வழிகாட்டி உங்களுக்கு இல்லை. 108-ஐக் கூப்பிட்டு நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அடைபட்ட சிறுநீரில் கிருமி சேர்ந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். அங்கே ஸ்கேனை அவர்களே முன்னால் தள்ளி எடுத்துவிடுவார்கள்.

1. சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்

"ஸ்கேன்" என்பது ஒரே பரிசோதனை இல்லை. எதை எழுதியிருக்கிறார் என்று டாக்டரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு வெளியே வாருங்கள். முன்னேற்பாடு, செலவு, ஊர் எல்லாம் அதைப் பொறுத்துத்தான் மாறும்.

அல்ட்ராசவுண்ட். வயிற்றில் ஜெல் தடவி எடுப்பது. கதிர்வீச்சு கிடையாது, கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் எடுக்கலாம். கிட்னியின் அளவு, வீக்கம், கிட்னிக்குள் இருக்கும் கல், மூத்திரப்பை, ப்ராஸ்டேட் (ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) ஆகியவற்றை நன்றாகக் காட்டும். கிட்னியிலிருந்து மூத்திரப்பைக்கு இறங்கும் குழாயின் நடுப்பகுதி மட்டும் குடலுக்குப் பின்னால் மறைந்துவிடும். அங்கே கல் நின்றால் அல்ட்ராசவுண்டில் தப்பிவிடலாம். "ஸ்கேன்ல ஒண்ணுமில்லை" என்று ரிப்போர்ட் வந்த பிறகும் வலி உயிரை வாங்கினால் காரணம் இதுவாக இருக்கலாம். அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், டாக்டரிடம் திரும்பப் போங்கள்.

கே.யூ.பி. எக்ஸ்ரே. கிட்னி, குழாய், மூத்திரப்பை மூன்றையும் சேர்த்து எடுப்பது, மலிவானது. சுண்ணாம்புச் சத்துள்ள கல்லைக் காட்டும். யூரிக் ஆசிட் கல் இதில் தெரியாது.

சாதாரண சி.டி. கே.யூ.பி. ஊசி மருந்து இல்லாமல் எடுப்பது. படுத்து எழ பத்து நிமிடம் போதும். குழாயில் உள்ள கல்லுக்கு இதுதான் நம்பகமானது, யூரிக் ஆசிட் கல்லும் தெரியும். கல் எங்கே நிற்கிறது, எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு கெட்டி என்பதெல்லாம் வந்துவிடும். கதிர்வீச்சு உண்டு என்பதால் மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் கூச்சப்படாமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி., அல்லது சி.டி. யூரோகிராம். கட்டி, சிறுநீரில் ரத்தம், குழாய்ச் சுருக்கம் என்ற சந்தேகத்துக்கு இது. அயோடின் கலந்த மருந்தை நரம்பு வழியே செலுத்துவார்கள். முன்பு ஐ.வி.பி. என்று மருந்து செலுத்தி வரிசையாக எக்ஸ்ரே எடுத்தார்கள். இப்போது பெரும்பாலும் அந்த இடத்தை சி.டி. பிடித்துவிட்டது.

டி.டி.பி.ஏ. ஸ்கேன் என்று எழுதியிருந்தால், ஒவ்வொரு கிட்னியும் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று அளக்கப்போகிறார்கள். நியூக்ளியர் மெடிசின் பிரிவு உள்ள இடத்தில்தான் எடுக்க முடியும், ஆகவே மதுரை மாதிரி பெரிய ஊருக்குப் போகவேண்டும். குழந்தைகளுக்கு எம்.சி.யூ. என்று எழுதுவார்கள். மூத்திரக் குழாய் வழியே மெல்லிய டியூப் விட்டு மருந்து ஏற்றி, குழந்தை சிறுநீர் கழிக்கும்போது எடுக்கும் படம் அது. சிறுநீரில் கிருமி இருக்கும்போது இதை எடுக்கக் கூடாது. யூரின் கல்ச்சர் ரிப்போர்ட் கையில் இருக்கட்டும்.

டாக்டர் அறையைவிட்டு வருமுன் சீட்டில் நான்கு விஷயம் இருக்கிறதா பாருங்கள்: எந்தப் பக்கம் வலி, எதைச் சந்தேகிக்கிறார், முன்பு கல்லோ ஆபரேஷனோ உண்டா, மருந்து செலுத்தியா செலுத்தாமலா. கடைசி விஷயம் இல்லாத சீட்டோடு போனால் சி.டி. கவுண்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆண்களுக்கு நீர் சரியாகப் பிரியாத தொந்தரவு என்றால், சிறுநீர் கழித்த பிறகு மீதி எவ்வளவு தேங்குகிறது என்று பார்க்கும் அளவையும் அதே சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் பல இடங்களில் அதை எடுப்பதில்லை, அதற்காக இன்னொரு நாள் போகவேண்டியிருக்கும்.

2. எந்த ஊருக்குப் போவது

அல்ட்ராசவுண்டுக்கு மதுரை வரை போகத் தேவையில்லை. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், ராமநாதபுரத்தில் உள்ள தனியார் சென்டர்களிலும் எடுக்கலாம். சாதாரண சி.டி.யும் ராமநாதபுரத்திலேயே முடியும். சிறுநீரக மருத்துவத்துக்கும் (நெஃப்ராலஜி) சிறுநீர்ப் பாதை அறுவைக்கும் (யூராலஜி) தனித்தனிப் பிரிவு வேண்டும் என்றால் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை. சாயல்குடிப் பக்கம் உள்ளவர்களுக்குத் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், தொண்டிப் பக்கம் உள்ளவர்களுக்குச் சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் போய்வர வசதி.

அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு காலை 7.30-லிருந்து கொடுப்பார்கள், 12 மணிக்குள் முடிந்துவிடும். யூராலஜி மாதிரிச் சிறப்புப் பிரிவுகளுக்கு எந்தக் கிழமை என்று முந்தின முறை போகும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கிழமை தெரியாமல் ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கு விடியற்காலை கிளம்பிப் போவது வீண் அலைச்சல்.

கடல்தொழில் செய்பவர்கள் நாள் பார்ப்பது எனக்குப் புரிகிறது. ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று போவதால் நடுவில் ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். குழாய் முழுக்க அடைபட்டால் சில வாரங்களிலேயே அந்தக் கிட்னி நிரந்தரமாகக் கெட்டுப்போகும். கொடுமை என்னவென்றால், அடைப்பு அப்படியே இருக்க வலி மட்டும் நின்றுபோவதும் உண்டு. "இப்ப வலி இல்லையே" என்பது ஸ்கேனைத் தள்ளிப்போடக் காரணம் ஆகாது.

3. காகிதங்கள்

ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கி எல்லாவற்றையும் அதில் போடுங்கள். டாக்டர் சீட்டு, ஆதார் அசலும் இரண்டு நகலும், குடும்ப அட்டை நகல், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை, பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டும் ஃபிலிமும், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை. மாத்திரையின் பெயர் தெரியாவிட்டால் காலி அட்டையையாவது கொண்டுபோங்கள். "வெள்ளை மாத்திரை, சின்னது" என்று சொன்னால் அங்கே யாருக்கும் பயன்படாது.

நம் ஊர்களில் நான் அதிகம் பார்த்த சிக்கல் பெயர்தான். வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, ஞானஸ்நானப் பெயர் ஒன்று, ஆதாரில் இன்னொன்று. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் ஒரே பெயரை நாலு விதமாக எழுதுகிறார்கள். ஓ.பி. சீட்டு போடும்போது வாயால் பெயர் சொல்லாதீர்கள், ஆதாரை நீட்டிவிடுங்கள். சீட்டில் ஒரு பெயர், காப்பீட்டு அட்டையில் வேறு பெயர் என்றால் பணமில்லாமல் எடுக்கும் ஸ்கேன் அங்கேயே நின்றுவிடும்.

கர்ப்பிணிக்குக் கிட்னி ஸ்கேன் என்றாலும் கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி எஃப் படிவம் நிரப்பிக் கையெழுத்து வாங்குவார்கள். அதற்காகப் பயப்பட ஒன்றுமில்லை. அடையாள அட்டையும் ஆர்.சி.எச். எண் உள்ள தாய்சேய் அட்டையும் கொண்டுபோங்கள்.

4. செலவு

அரசு மருத்துவமனையில் அல்ட்ராசவுண்டும் ரத்தப் பரிசோதனையும் இலவசம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்குள் நடத்தும் சி.டி. மையத்தில் சாதாரண சி.டி.க்கு 500 ரூபாய், மருந்து செலுத்தினால் கூடுதல். அன்றைய கட்டணத்தைக் கவுண்டரில் கேட்டுவிட்டு ரசீது வாங்குங்கள். காப்பீட்டு அட்டை செல்லுபடியானால் இதுவும் கட்டவேண்டாம்.

தனியாரில் இடத்துக்கு இடம் மாறும். அல்ட்ராசவுண்டுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டியும், சாதாரண சி.டி. கே.யூ.பி.க்கு மூவாயிரம் நாலாயிரமும், மருந்து செலுத்தும் சி.டி.க்கு அதைப்போல இரண்டு மடங்கும் கையில் வைத்துக்கொண்டால் தடுமாற வேண்டியிருக்காது. போனில் விலை கேட்கும்போது "மருந்து, ஃபிலிம், டிஸ்க் எல்லாம் சேர்த்தா?" என்று கேளுங்கள். ஒரு சென்டரில் போனில் சொன்ன தொகை ஒன்று, பில்லில் வந்தது வேறொன்று. மருந்துக்குத் தனி, ஃபிலிமுக்குத் தனி என்று போட்டிருந்தார்கள்.

காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் இப்போதே எடுத்துவிடுங்கள். வலி வந்த பிறகு ஓடாதீர்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டையும் ஆதாரும் எடுத்துக்கொண்டு ராமநாதபுரம் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போகவேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. மண்டபம் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இந்தத் திட்டம் பொருந்தும். முகாம் அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தத் திட்டத்தில் கையில் இருந்து கட்டிவிட்டுப் பிறகு பணம் வாங்க முடியாது. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில், முன்னனுமதி வாங்கி, அதன் பிறகுதான் பரிசோதனை. அவசரத்தில் முதலில் தனியாரில் கட்டி எடுத்துவிட்டு, அப்புறம் அட்டையைக் காட்டினால் ஒன்றும் நடக்காது.

5. கிளம்புமுன் ரத்தப் பரிசோதனை

மருந்து செலுத்தும் சி.டி. என்றால் கிரியேட்டினின் ரிசல்ட் இல்லாமல் எடுக்க மாட்டார்கள். அந்த மருந்து கிட்னி வழியாகத்தான் வெளியேற வேண்டும், கிட்னி ஏற்கெனவே தளர்ந்திருந்தால் ஆபத்து. இதை மதுரை போய்க் கொடுக்காதீர்கள். முந்தின ஒன்றிரண்டு நாளில் உள்ளூரிலேயே கொடுத்து, தேதியோடு ரிசல்ட்டை வாங்கிக்கொண்டு போங்கள். ஒரு மாதத்துக்கு முந்தைய ரிசல்ட்டைப் பல இடங்களில் ஏற்பதில்லை. மருந்தில்லாத சி.டி.க்கும் அல்ட்ராசவுண்டுக்கும் இது தேவையில்லை.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் அதை டாக்டரிடமும் ஸ்கேன் அறையிலும் சொல்லவேண்டும். கிட்னி நன்றாக இருந்தால் பெரும்பாலும் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். குறைவாக இருந்தால் 48 மணி நேரம் நிறுத்திவிட்டு மறுபடி கிரியேட்டினின் பார்ப்பார்கள். நீங்களாக நிறுத்தவோ தொடரவோ வேண்டாம்.

6. தண்ணீர்: எப்போது, எவ்வளவு

அல்ட்ராசவுண்டுக்கு மூத்திரப்பை நிரம்பியிருக்க வேண்டும். நிரம்பாவிட்டால் மூத்திரப்பையும் ப்ராஸ்டேட்டும் கீழ்க்குழாயும் சரியாகத் தெரியாது. ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன்பு நாலைந்து தம்ளர், சுமார் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, அடக்கிக்கொண்டு இருக்கவேண்டும்.

"தண்ணி குடிச்சுட்டு வாங்க" என்று சொன்னார்கள் என்பதற்காக வீட்டில் குடித்துவிட்டு பஸ் ஏறாதீர்கள். ராமேஸ்வரத்திலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். உச்சிப்புளி தாண்டும்போதே தவித்துப்போவீர்கள், இறங்கியதும் முதல் வேலையாகக் கழிப்பறைக்கு ஓடவேண்டியிருக்கும், குடித்ததெல்லாம் போச்சு. சென்டருக்கு வந்து டோக்கன் வாங்கி, முன்னால் எத்தனை பேர் என்று கேட்டு, அதற்குத் தகுந்தாற்போல் குடிக்க ஆரம்பியுங்கள். குடிநீர் பாட்டில் வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள்.

முழு வயிற்று ஸ்கேன் என்று எழுதியிருந்தால் பித்தப்பையும் பார்ப்பார்கள். அதற்கு ஆறு மணி நேரம் சாப்பிடாமல் இருக்கவேண்டும், தண்ணீர் குடிக்கலாம். கே.யூ.பி. மட்டும் என்றால் பட்டினி தேவையில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் சர்க்கரை நோயாளிகள் இன்சுலின் போட்டுக்கொண்டு பட்டினியோடு வந்து மயங்கி விழுவதுண்டு. பட்டினி இருக்கவேண்டும் என்றால் காலை மாத்திரையையும் இன்சுலினையும் என்ன செய்வது என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள், காலையில் முதல் ஆளாகப் பெயர் கொடுங்கள்.

டயாலிசிஸில் இருப்பவர்கள், இதயக் கோளாறுக்காகத் தண்ணீர் அளந்து குடிப்பவர்கள், சிறுநீர் அடைத்துக்கொண்டு வராமல் தவிப்பவர்கள் ஒரு லிட்டர் குடிக்கவே கூடாது. கவுண்டரில் சொல்லிவிட்டு அப்படியே படுங்கள்.

எக்ஸ்ரேக்கும் சி.டி.க்கும் போகும்போது இடுப்பில் வெள்ளி அரைஞாண் கொடி, தாயத்து இருந்தால் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். அது சரியாக மூத்திரப்பைக்கும் குழாய்க்கும் குறுக்கே படத்தில் விழும். எக்ஸ்ரேக்கு முந்தின இரவு வயிறு சுத்தமாக மாத்திரை கொடுத்திருந்தால் தவறாமல் போடுங்கள். காற்றும் மலமும் கல்லை மறைத்துவிடும்.

7. மருந்து செலுத்தும்போது

கடற்கரைக்காரர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி: "எனக்கு இறால் ஒத்துக்காது, நண்டு தின்னா தடிப்பு வரும். அயோடின் ஊசி போடலாமா?" போடலாம். இறாலும் நண்டும் ஒத்துக்கொள்ளாமல் போவது அவற்றின் புரதத்தால், அயோடினால் இல்லை. மற்ற ஒவ்வாமைகளைப்போல இதையும் சொல்லிவையுங்கள், ஆனால் இதற்காகவே ஸ்கேனைக் கைவிட்டுத் திரும்பாதீர்கள். கட்டாயம் சொல்லவேண்டியது வேறு: முன்பு இதே ஸ்கேன் மருந்து போட்டு ஒத்துக்கொள்ளாமல் போனதா, ஆஸ்துமா உண்டா, தைராய்டு அதிகமாகச் சுரக்கிறதா.

மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், வாயில் உலோகச் சுவை தட்டும், படுக்கையிலேயே சிறுநீர் போய்விட்டது போலத் தோன்றும். போயிருக்காது. ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். அரிப்பு, தடிப்பு, மூச்சு முட்டல், தொண்டை இறுக்கம் வந்தால் உடனே கையைத் தூக்கிச் சத்தம் போடுங்கள். முடிந்த பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். தண்ணீர்க் கட்டுப்பாடு இல்லாதவர்கள் அன்று முழுக்க நன்றாகக் குடியுங்கள். அன்றிரவு படகேற வேண்டாம். சில ஒவ்வாமைகள் தாமதமாக வரும், நடுக்கடலில் வந்தால் யாரிடம் போவது?

8. ஃபிலிம், டிஸ்க், ரிப்போர்ட்

தனியாரில் பெரும்பாலும் அன்றே கிடைக்கும். அரசில் எழுத்து ரிப்போர்ட்டுக்கு அடுத்த நாளோ அதற்கு மேலோ ஆகலாம், வாங்கும் தேதியையும் நேரத்தையும் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். சி.டி. எடுத்தவர்கள் டிஸ்கையும் கேளுங்கள். ஃபிலிமில் இருப்பது பொறுக்கியெடுத்த சில படங்கள், டிஸ்கில் எல்லாமே இருக்கும். மதுரை டாக்டர் டிஸ்கைப் பார்த்தால் இன்னொரு சி.டி. எடுக்கவேண்டி வராது, மூவாயிரமும் மிச்சம், கதிர்வீச்சும் மிச்சம். டாக்ஸி டாஷ்போர்டிலோ உப்புக்காற்று படும் ஜன்னலிலோ ஃபிலிமை வைக்காதீர்கள்.

9. ரிப்போர்ட்டில் வரும் சொற்கள்

டாக்டருக்குப் பதிலாக இல்லை, அவரிடம் சரியாகக் கேட்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஹைட்ரோநெஃப்ரோசிஸ் என்றால் சிறுநீர் தேங்கிக் கிட்னி வீங்கியிருக்கிறது. மைல்ட், மாடரேட், கிராஸ் என்று கூடிக்கொண்டே போகும். கல்லின் அளவைவிட முக்கியமான வரி இது. கிட்னிக்குள் சும்மா இருக்கும் 8 மி.மீ. கல்லைவிட, குழாயை அடைத்து வீக்கம் கொடுக்கும் 5 மி.மீ. கல் அவசரம்.

5 மி.மீ.க்குக் குறைந்த கல் பெரும்பாலும் தானே இறங்கிவிடும். 10 மி.மீ.க்கு மேல் தானே இறங்குவது அரிது. சி.டி.யில் எச்.யூ. என்று ஒரு எண் வரும், அது கல்லின் கெட்டித்தன்மை. 1000-க்கு மேல் என்றால் அதிர்வலையால் வெளியிலிருந்து உடைப்பது கடினம். 500-க்குக் கீழே என்றால் மாத்திரையால் கரையக்கூடிய யூரிக் ஆசிட் கல்லாக இருக்கலாம், கேளுங்கள்.

பெரியவர்களுக்குக் கிட்னி 9-லிருந்து 12 செ.மீ. நீளம் இருப்பது வழக்கம். சுருங்கியிருக்கிறது, எக்கோ கூடியிருக்கிறது (அல்ட்ராசவுண்டில் கிட்னி வழக்கத்தைவிட வெளுப்பாகத் தெரிகிறது), சி.எம்.டி. தெளிவில்லை (கிட்னியின் வெளிப்பகுதிக்கும் உள்பகுதிக்கும் வித்தியாசம் தெரியவில்லை) என்று இருந்தால், அது நாள்பட்ட கிட்னிக் கோளாறின் அடையாளமாக இருக்கலாம். யூராலஜிஸ்டோடு நெஃப்ராலஜிஸ்டையும் பார்க்கவேண்டிய வரி. சிம்பிள் கார்டிகல் சிஸ்ட் என்பது நீர்க்கொப்புளம், ஐம்பது வயதுக்கு மேல் பலருக்கு இருக்கும், பயம் வேண்டாம். "காம்ப்ளெக்ஸ்" (வெறும் நீர் மட்டும் இல்லாத கொப்புளம்) என்று போட்டிருந்தால் மட்டும் விடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

10. மறுபடி எப்போது எடுப்பது

கல் இறங்கிவிட்டது என்று நினைத்தாலும் வீக்கம் வடிந்ததா என்று சில வாரத்தில் ஒரு அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்க்கவேண்டும். அதற்கு சி.டி. வேண்டியதில்லை. சிறுநீர் கழிக்கும்போது வடிகட்டிப் பிடித்து, கல் கிடைத்தால் ஒரு டப்பாவில் போட்டு டாக்டரிடம் கொடுங்கள். எந்த வகைக் கல் என்று பரிசோதித்துவிடலாம்.

குழாய்க்குள் ஸ்டென்ட் (சிறுநீர் இறங்க வழிவிடும் மெல்லிய டியூப்) வைத்து அனுப்பியிருந்தால், எடுக்கவேண்டிய தேதியை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்குங்கள். வலி போய்விட்டது என்று அதை மறந்து, படகேறியோ வளைகுடாவுக்கு விமானமேறியோ போய்விடுகிறார்கள். மூன்று மாதத்துக்கு மேல் உள்ளே கிடந்தால் அதன்மேலேயே கல் படர்ந்து, எடுப்பதே பெரிய ஆபரேஷன் ஆகிவிடலாம். டிக்கெட் போடுவதற்கு முன் அந்தத் தேதியைப் பாருங்கள். வீட்டில் இன்னொருவர் போனிலும் அதே தேதிக்கு அலாரம் வைத்துவிடுங்கள்.